ஒரு புளியமரத்துக்குப் பத்துக் கன்று: கணக்கு சரியா?

கேள்வி, 3 ஏப்ரல் 2024

ரோடு அகலமாக வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மரத்தை வெட்டினால் அதே ஆட்கள் அழுகிறார்கள். ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறார்கள், நடவும் செய்கிறார்கள். பத்து மடங்கு மரம் கிடைக்கும்போது நட்டம் எங்கே? மரமும் மனிதன் மாதிரிதான், வயதானால் சாகத்தான் போகிறது. யாராவது உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்லுங்கள்.

3 ஏப்ரல் 2024, இரவு

உணர்ச்சிவசப்படாமல் எழுத எனக்கு வராது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் எங்கள் ஊர் ரோட்டுப் புளியமரங்கள் விழுந்தன. வைகைக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் புளி, நடுநடுவே ஒன்றிரண்டு வேம்பு, பிள்ளையார் கோயில் வளைவில் ஓர் ஆல். பங்குனி வெயிலில் சைக்கிளில் போனாலும் தலையில் துண்டு போட வேண்டாம். இரண்டு பக்கக் கிளையும் மேலே கோத்துக்கொண்டு நிற்கும். இப்போது ஒரு பக்கம் மொட்டை.

மரம் பழுத்து நின்ற நேரம் அது. விழுந்த கிளைகளில் பெண்கள் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய அடிக்கட்டை ஒன்றில் மரம் அறுக்க வந்தவர் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போனதும் நான் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் வெளிர் மஞ்சளாக அகல வட்டம், நடுவில் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பாகம். கையை வைத்தால் ஈரம். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே வளையம் எண்ணினேன், பத்துக்கு ஒரு கோடு போட்டு. 140 வந்தது. அதற்குமேல் நடுவில் பொந்து, எண்ணுவதற்கு மரம் இல்லை.

பத்துக் கன்று நட்டால் எல்லாம் சேர்ந்து பத்து வயசு. விழுந்தது 140 வயசுக்கு மேல். நட்டம் அங்கேதான் இருக்கிறது.

4 ஏப்ரல்

"மரமும் மனிதன் மாதிரிதான், வயதானால் சாகும்" என்ற வரி ராத்திரி முழுக்க உறுத்தியது. அது சரியில்லை. நமக்கு உடம்பு முழுவதும் சேர்ந்து கிழடாகிறது. மரத்துக்கு அப்படி இல்லை. பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய படலம்தான் வளர்கிற இடம். வருஷா வருஷம் அது உள்பக்கம் புது மரத்தையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் போடுகிறது. நடுவில் இருக்கும் வைரம் எப்போதோ செத்த பாகம், தூண் மாதிரி தாங்குவது மட்டும்தான் அதன் வேலை. அது உளுத்துப் பொந்தானாலும் சுற்றியுள்ள மரம் பச்சையாக இருக்கும். காற்று, இடி, பூஞ்சை, கறையான், வறட்சி, கோடாரி என்று ஏதோ ஒன்று வந்து முடித்து வைத்தால்தான் பெரும்பாலான மரங்களுக்குச் சாவு.

ஆலமரம் இதில் இன்னும் ஒரு படி மேல். அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டத்து ஆலமரத்துக்கு 450 வயது என்கிறார்கள். 1989 புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நின்றதால் மரம் இன்றும் இருக்கிறது. ஹவுராவில் தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தில் பூஞ்சை ஏறிய தாய்மரத்தை 1925-ல் அகற்றினார்கள். அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் பரவிக்கொண்டே போகிறது. கறையான் தின்ற ஆலை அதன் விழுதே மகன் மாதிரி தாங்கும் என்று பழம்பாட்டு ஒன்று உண்டு. கண்ணால் பார்த்துத்தான் பாடியிருப்பார்கள்.

அனுராதபுரத்துப் போதி மரத்தை கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நட்டார்கள். மனிதர் நட்டு, நட்ட காலமும் எழுத்தில் இருக்கிற மரங்களில் உலகிலேயே மூத்தது அதுதான். 2,200 வருஷத்துக்கு மேலாக ஆட்கள் மாறி மாறிக் காவல் காத்திருக்கிறார்கள், கிளைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். "சாகத்தான் போகிறது" என்று அங்கே யாரும் சும்மா இருந்துவிடவில்லை.

6 ஏப்ரல்: திருத்தம்

140 என்று எழுதியதைத் திருத்த வேண்டும். வனவியல் படித்த ஒருவர் சொன்னார்: குளிர்காலம் கடுமையாக இருக்கிற நாடுகளில்தான் ஒரு வருஷத்துக்கு ஒரு வளையம் என்று நம்பி எண்ணலாம். நம்மூரில் தேக்கு ஓரளவு ஒழுங்காக வளையம் போடும். புளி அப்படியில்லை. ஒரு வருஷம் வளையம் தெளிவாக விழாமல் போகலாம், இரண்டு மழை பெய்து நடுவில் காய்ந்த வருஷம் இரண்டு வளையம் மாதிரி தெரியலாம். ஆக, நான் எண்ணியது 140 கோடுகள், 140 வருஷம் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வயது குறைந்தாலும் நான் சொல்ல வந்தது குறையவில்லை. 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

வளையம் எண்ணுவது பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து வீலர் மலையில் பிரிஸ்டில்கோன் பைன் என்று ஒரு ஊசியிலை மரம் உண்டு. 1964-ல் டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர், பனிக்கால வரலாற்றைத் தெரிந்துகொள்வதற்காக அந்த மரங்களை ஆராய்ந்தார். வனத்துறை அனுமதியோடு ஒரு மரத்தை வெட்டினார். வெட்டின பிறகு உட்கார்ந்து எண்ணினால் 4,844 வளையம். பின்னால் வேறொருவர் எண்ணியபோது 4,862. எண்ணிய துண்டு அடிமரத்துக்கு மேலே இருந்து எடுத்தது என்பதால் உண்மையான வயது இன்னும் கூடும். அன்றைக்கு உலகில் தெரிந்த மரங்களிலேயே அதுதான் மூத்தது. புரோமிதியஸ் என்று பேர் வைத்திருந்தார்கள்.

கீழடியில் மண்ணைத் தோண்டி 2,600 வருஷத்துப் பானை ஓடு கிடைத்தால் நாம் நெஞ்சு நிமிர்த்துகிறோம், நிமிர்த்தவும் வேண்டும். அந்தப் பானையை வனைந்த நாளில் இந்த மரம் 2,000 வயதைத் தாண்டி நின்றது. அதை ஒரே நாளில் அறுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, அனுமதிச் சீட்டு இருந்தது, காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

கலிபோர்னியாவில் அதே இனத்து மெதுசேலா என்ற மரம் இருக்கிறது, அதற்கு 4,800 வயதுக்கு மேல். எந்த மரம் அது என்று வனத்துறை யாருக்கும் காட்டுவதில்லை. தெரிந்தால் நாலு பேர் போய் ஒரு சிராய் ஒடித்து வருவார்கள் என்று பயம்.

7 ஏப்ரல்

மிச்சம் நிற்கும் பக்கத்து மரங்களில் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருப்பதைப் பார்த்து என் மகன், "அப்பா, மரத்துக்கும் ஆதார் நம்பரா?" என்று கேட்டான். அது புளி மகசூல் ஏலம் விடுவதற்காகப் போட்ட எண் என்று சொன்னேன். எந்த மரம் எவ்வளவு காய்க்கும் என்று ஏலம் எடுக்கிறவருக்குத் தெரியும். மரத்தின் வயதுதான் எந்த நோட்டிலும் இல்லை.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாவிடம் வயதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், மரத்தின் வயதை.

அவர் வாக்கப்பட்டு வந்தது 1952. பெண் அழைத்து வந்த கூட்டுவண்டி வெயில் தாழட்டும் என்று அந்தப் புளியடியில்தான் நின்றதாம். அன்றைக்கே இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மரம். அவருடைய மாமியாரும் அதே மரத்தடியில் வண்டி நிறுத்தித்தான் வந்தாராம். "நான் வந்தப்பவும் இது இம்புட்டு இருந்துச்சுடி" என்று மாமியார் சொன்னதை அப்பத்தா சொன்னார். இரண்டு மருமகள்கள் வந்தபோதும் மரம் பெரியதாகவே இருந்திருக்கிறது. சாக்பீஸ் கோட்டைவிட இந்தச் சாட்சி எனக்குப் போதும்.

அப்புறம் ஆந்தைக் குஞ்சுகள். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், மனசு வரவில்லை. மரம் சாய்ந்தபோது பொந்திலிருந்து இரண்டு புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் வெளியே விழுந்தன. வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி, கண் மட்டும் பெரிதாக, மஞ்சளாக. டீக்கடைக்காரர் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். வெட்டுக்கிளி பிடித்துப் போட்டோம், பல்லி போட்டோம். ஒன்று மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. மற்றதை ஒரு கூடையில் வைத்து, பிள்ளையார் கோயில் ஆலமரத்துக் கவட்டையில் கட்டினோம். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அந்தியில் எங்கிருந்தோ தாயாந்தை வந்து கத்தியது. கூடையிலிருந்தும் பதில் வந்தது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

அந்தப் பொந்து எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். ஒரு பெரிய கிளை முறிய வேண்டும். முறிந்த வாயில் மழைத்தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, வைரம் மெல்ல மெல்ல உளுக்க வேண்டும். கிளி வந்து கொஞ்சம் விரிக்க வேண்டும். இத்தனைக்கும் மரம் தடிமனாக இருந்தால்தான் பொந்து விழுந்தும் நிற்கும். பத்துக் கன்று நட்டால் பத்துக் கன்றிலும் பொந்து கிடையாது. ஐம்பது வருஷம் கழித்து வா என்று ஆந்தையிடம் சொல்ல முடியுமா?

15 ஏப்ரல்

"புளியமரமே வெளிநாட்டு மரம்தான், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது" என்று ஒருவர். உண்மைதான். இந்தியாவுக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்துவிட்டது. அரபுக்காரர்கள் இதை "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சை என்று கூப்பிட்டார்கள். ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். நம்மூர் ரசத்தில் கரைந்தபிறகு அதை வெளிநாடு என்று நான் தள்ளிவைக்க மாட்டேன்.

16 ஏப்ரல்

"அப்படியானால் சீமைக்கருவேலத்தையும் வெட்டக்கூடாது என்பீர்களா?" இல்லை, வெட்டுங்கள். எங்கள் கண்மாய்க்குள் புகுந்திருக்கிற சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க நானே ஆள் சேர்க்கிறேன். எல்லா மரத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் நான் மூன்றாம் தேதியிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது.

9 மே

ஒரு கணக்கு கையில் கிடைத்தது. மேற்கு வங்கத்தில் ஜெசோர் ரோடு என்ற பழைய சாலை. ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்துக்கு என்ன மதிப்பு என்று 2021-ல் ஒரு சூத்திரம் கொடுத்தது. மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்க வேண்டும். அதில் ஆக்சிஜனுக்கு 45,000, உயிர் உரத்துக்கு 20,000 என்று பிரித்திருந்தார்கள்.

இதைப் படித்ததும் எழுந்து நடந்தேன். வயதால் பெருக்கு என்று ஒருவராவது சொன்னாரே! எங்கள் ஊர் மரத்துக்கு 100 வயது என்று குறைத்து வைத்தாலும் 74,50,000 ரூபாய். ஒரு வயதுக் கன்று பத்தும் சேர்ந்து 7,45,000. இந்தக் கணக்குப்படி பார்த்தாலே பத்தில் ஒரு பங்குதான் ஈடு. அதுவும் பத்தும் பிழைத்தால்.

11 மே

ஒன்பதாம் தேதி எழுதியதில் உற்சாகம் கொஞ்சம் கூடிவிட்டது. இரண்டு விஷயம். ஒன்று, அந்த 356 மரங்களை வெட்ட 2023-ல் உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்துவிட்டது. சூத்திரம் காகிதத்தில் நின்றுவிட்டது. இரண்டு, விலை என்று ஒன்று எழுதிவிட்டால், கொடுத்துவிட்டு வெட்டுகிறேன் என்று சொல்ல ஆள் வரும். ஆந்தைக்கு அந்த 74,500-ல் எந்தப் பங்கும் இல்லை. இருந்தாலும் வருஷத்தை எண்ணுகிற கணக்கு, தலையை எண்ணுகிற கணக்கைவிட மேல் என்பதில் நான் மாறவில்லை.

2 ஜூன்

புது ரோட்டோரம் நட்ட கன்றுகளைப் பார்க்க நடந்தே போனேன். பச்சைக் கூண்டு 40 வரை எண்ணினேன். 11 கூண்டில் உயிருள்ள கன்று. ஒன்றிரண்டில் ஆடு கடித்த குச்சி. மற்றவை காலி, உள்ளே பிளாஸ்டிக் தண்ணீர் பாக்கெட். நட்டதெல்லாம் புங்கையும் வேம்பும், நல்ல மரங்கள்தான். தண்ணீர் லாரி இரண்டு முறை வந்ததாக டீக்கடையில் சொன்னார்கள், அப்புறம் வரவில்லை. நடுவில் இருக்கும் அரளி மட்டும் செழிப்பாக இருக்கிறது. அரளியை ஆடு தொடாது.

நானும் மகனும் இரண்டு குடம் கொண்டுபோய் 11-க்கும் ஊற்றிவிட்டு வந்தோம். வாரம் ஒருமுறை ஊற்றுவதாக டீக்கடைக்காரர் ஏற்றுக்கொண்டார்.

3 ஜூன்

"கன்றை நடுவதே வீண் என்கிறீர்களா" என்று கோபமாக ஒருவர். இல்லவே இல்லை. கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா, ஹுலிகல்லிலிருந்து குதூர் போகிற சாலையில் கணவரோடு சேர்ந்து 385 ஆலமரங்களை நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவர். குழந்தை இல்லாத குறைக்கு மரங்களை வளர்த்தார்கள். 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே வருஷம், சாலை விரிவாக்கத்தில் அந்த மரங்களுக்கே ஆபத்து என்று தெரிந்து, நூறு வயதைத் தாண்டிய அந்த அம்மா முதலமைச்சரிடம் நேரில் போய் முறையிட வேண்டியிருந்தது.

நடுகிறவர்களைக் கும்பிடுகிறேன். ஏற்கெனவே நட்டு வளர்ந்ததை விட்டுவையுங்கள் என்றும் கேட்கிறேன். இரண்டும் ஒரே வேண்டுதல்தான்.

21 ஜூன்

தனியாக ஒருவர் எழுதியிருந்தார். ரோட்டோரப் புளியமரத்தில் கார் மோதி அவருடைய தம்பி இறந்துபோனாராம். "உங்களுக்கு மரம் பெரிதா, மனிதன் பெரிதா?" என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

என் பெரியப்பா மகனும் அப்படித்தான் போனார். ராத்திரி இரண்டு மணிக்கு, வேறொரு ஊர் ரோட்டில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி மரத்தில். அவருடைய செருப்பை அந்த மரத்தடியிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். ரொம்ப நாள் எந்தப் புளியமரத்தைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆகவே மரமா மனிதனா என்று என்னிடம் கேட்கலாம், தப்பில்லை.

ரோடு அகலமாகட்டும். எங்கள் ரோட்டில் மேற்குப் பக்கம் முழுக்கத் தரிசு. அந்தப் பக்கமாகவே ரோட்டைத் தள்ளி எடுத்திருந்தால் மரவரிசை நடுவில் தடுப்புக்குள் நின்றிருக்கும், அல்லது ஊர்ச் சாலைக்கும் பெரிய சாலைக்கும் இடையில் நின்றிருக்கும். அப்படி விட்டுவைத்த ரோடுகளை நான் பார்த்திருக்கிறேன். இதை ஊர்க் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். வரைபடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. வரைபடம் போடும்போது மரம் எங்கே நிற்கிறது என்று யாராவது வந்து பார்த்திருந்தால் போதும்.

18 ஆகஸ்ட்

மழைக்கு வீட்டில் உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சங்ககால அரசர்களுக்குக் காவல் மரம் உண்டு, கடிமரம் என்பார்கள். பகைவன் வந்தால் முதலில் அதைத்தான் வெட்டுவான். கடலுக்கு நடுவே இருந்த பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி, அந்தக் கட்டையிலேயே முரசு செய்தான் சேரன் நெடுஞ்சேரலாதன். தோற்ற ஊர்க்காரனுக்கு அந்த முரசுச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

1730-ல் ராஜஸ்தான் கேஜர்லி கிராமத்தில், அரண்மனைச் சுண்ணாம்புச் சூளைக்கு விறகு வெட்ட ஆட்கள் வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற அம்ருதா தேவியையும் அவரோடு சேர்த்து 363 பிஷ்னோய் மக்களையும் வெட்டினார்கள். அது என்ன மரம் தெரியுமா? வன்னி. நம்மூர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கிற அதே வன்னி.

தல விருட்சம் என்றதும் இன்னொன்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே தில்லை மரக் காட்டினால்தான். இன்று தில்லை மரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். ஊருக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

19 ஆகஸ்ட்

மனிதன் கோடாரி எடுக்காமலேயே சாகிற மரங்களும் இருக்கின்றன, அதற்கும் நாம்தான் காரணமோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் பாவோபாப், நம்மூரில் பொந்தன்புளி, இலங்கையின் மன்னாரில் பெருக்கு மரம் என்பார்கள். பள்ளிமுனையில் ஒன்று 700 வருஷமாக நிற்பதாகச் சொல்கிறார்கள், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று பேச்சு. இந்த மரத்திலும் வளையத்தை எண்ணி நம்ப முடியாது, கார்பன் தேதி பார்த்துத்தான் வயது சொல்வார்கள். 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவின் மிக மூத்த 13 பாவோபாப்களில் 9 மரங்கள், 2005-க்குப் பிறகு முழுதாகவோ, தண்டுகளில் மூத்தவை விழுந்தோ செத்திருக்கின்றன. ஜிம்பாப்வேயில் பாங்கே என்ற மரம் 2,450 வருஷம் நின்று, 2011-க்குள் விழுந்து முடிந்தது. நோய்த்தொற்று ஒன்றும் தெரியவில்லை. சூடும் வறட்சியும் கூடியதுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள், இன்னும் உறுதி செய்யவில்லை.

20 ஆகஸ்ட்

"கிழட்டு மரம் வளராது, இளங்கன்றுதான் வேகமாகக் கார்பனை இழுக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். 2014-ல் நேச்சர் அறிவியல் இதழில் 403 வகை மரங்களை அளந்த ஆய்வு வந்தது. பெரும்பாலான வகைகளில் மரம் பருக்கப் பருக்க அது ஒரு வருஷத்தில் சேர்க்கிற எடையும் கூடிக்கொண்டே போகிறது. பெரிய மரம் ஒன்று ஒரே வருஷத்தில் சேர்ப்பது, நடுத்தர மரம் ஒன்று மொத்தமாக வைத்திருக்கும் கார்பனுக்குச் சமமாகக்கூட இருக்கலாம். இலைப்பரப்பு அவ்வளவு.

6 அக்டோபர்

கறிக்கடையில் நின்றேன். புதுக் கட்டை போட்டிருந்தார்கள். புளிதான், கறிவெட்ட அதைவிட நல்ல கட்டை கிடையாது, கத்தி பட்டாலும் சிராய் எழாது. வெளிர் மஞ்சள் வட்டம், நடுவில் கத்தரிக்காய்த் தோல் நிறம். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "உங்க ஊர் ரோட்டு மரம்தாண்ணே, மதுரைக்குப் போன லோடுல நாலு துண்டு எறக்குனேன்" என்றார்.

என் சாக்பீஸ் கோடு ஒன்றும் அதில் இல்லை, வேறு மரமாக இருக்கலாம், அல்லது மேல்தண்டாக இருக்கலாம். ஆனாலும் கையை வைத்தேன். காய்ந்துவிட்டது. அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெட்டிய மரம் விறகாய்ப் போகாமல் ஒரு வேலைக்கு ஆனதே என்று இருந்தது.

24 நவம்பர்

கஜா புயல் வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. டெல்டாவில் இருக்கிற நண்பர் ஒரே ராத்திரியில் விழுந்த தென்னையைப் பற்றிப் பேசினால் இன்னும் குரல் உடைகிறது. "புயலே சாய்க்கும்போது நீங்கள் ஏன் ரோட்டு மரத்துக்கு அழுகிறீர்கள்" என்று இங்கே யாரோ கேட்டார்கள் அல்லவா, அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "புயல்ல போனதுக்கே இம்புட்டு அழுதோம். கையால வெட்டுறதுக்கு எப்படி அழாம இருப்பீக?"

இன்னொன்றும் சொன்னார். ரோட்டோர மரங்களில் பல, புயலுக்கு முன்னாலேயே பாதி விழுந்தவை. கேபிள் பதிக்க, வாய்க்கால் கட்ட என்று ஒரு பக்க வேரை அறுத்துவிடுகிறார்கள், அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். மரத்தைத் தாங்குகிற பக்கவேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடுகிறது. அதை அறுத்தால் அடுத்த பெரிய காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும்.

15 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல். அப்பத்தா வைத்த குழம்பு, போன பங்குனியில் பொறுக்கிய புளி. உப்புப் போட்டு மண்பானையில் அடைத்து வைத்திருந்தது, கறுத்து நன்றாக ஊறியிருக்கிறது. பானையில் இன்னும் கால்வாசி இருக்கிறது. தீரட்டும் என்று தாராளமாகவும் எடுக்க மாட்டேன் என்கிறார், வீணாகப் போகட்டும் என்று விடவும் மாட்டேன் என்கிறார்.

ஜூனில் தண்ணீர் ஊற்றிய 11 கன்றில் 9 நிற்கின்றன. இரண்டு புங்கை என் இடுப்புக்கு மேல்.

2 பிப்ரவரி

கிழக்குப் பக்கத்து மரங்களிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஏல எண் வெள்ளையில், இந்தக் கோடு சிவப்பில். என்ன அர்த்தம் என்று கேட்டால் "அளவெடுத்திருக்கு சார், அவ்வளவுதான்" என்கிறார்கள். மொத்தம் 23 புளி, 2 வேம்பு, பிள்ளையார் கோயில் ஆல்.

இந்த முறை வெட்டினபிறகு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. இப்போதே அளந்து, படம் எடுத்து, எந்த மரத்தில் என்ன கூடு, என்ன பொந்து, யாருக்கு எந்த வருஷம் வரை நினைவிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி மனுவோடு கொடுக்கலாம் என்று டீக்கடையில் பேசி முடிவு செய்தோம். மேற்குத் தரிசைக் காட்டி ஒரு வரைபடமும் சேர்க்கிறோம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் படம் போட்டுத் தருகிறார். வயது நிரூபிக்க முடியாது என்று சொன்னால் அப்பத்தா வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

9 பிப்ரவரி

இன்று ஞாயிறு, காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். நான், மகன், டீக்கடைக்காரர், வாத்தியார். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அளப்பது முறையாம். என் நெஞ்சு உயரம் வருகிறது. முதல் மரம் சுற்றளவு 3.9 மீட்டர். இரண்டாவது 4.4. நாலாவதில் இரண்டு பொந்து, மேல் பொந்தில் கிளி. ஏழாவதில் யாரோ எப்போதோ அடித்த இரும்பு வளையம், மாடு கட்டுவதற்காக இருக்கும், பாதிக்கு மேல் மரம் விழுங்கிவிட்டது. மகன் விரலை விட்டுப் பார்த்தான், நுனிவிரல்தான் நுழைந்தது. அதைத் தனியாகப் படம் எடுத்தோம்.

ஒன்பது மரம் முடிந்தது. பத்தாவதில் மலைத்தேன் அடை தொங்குகிறது, இரண்டு முழத்துக்கு மேல் நீளம். வெயில் ஏறிவிட்டதால் கிட்டே போக வேண்டாம் என்று டீக்கடைக்காரர் தடுத்தார். அடுத்த வாரம் இருட்டு விலகுமுன் போய் அளக்க வேண்டும்.